‘அசேர்’ மக்கர் பண்ணும்போது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் எழுதித் தரும் தாள்களைத் தொடர்ந்து திருத்தி வந்தால் ஒன்று சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஆள் மாறினாலும் பிழை மாறாது. அதே அஞ்சாறு இடத்தில்தான் வண்டி நிற்கும், அதில் பெரும்பாலானவை ‘அசேர்’ (hacer) என்ற வினைச்சொல்லைச் சுற்றியே இருக்கும். செய், பண்ணு, உண்டாக்கு என்று அகராதியில் பார்த்துவிட்டு, அட்டவணையையும் நெட்டுரு போட்டுவிட்டு, அப்புறமும் ஏன் தப்பு வருகிறது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

ஒரு குறிப்பு மட்டும். ஸ்பானிஷ் சொற்களை இங்கே லத்தீன் அமெரிக்க உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். ஸ்பெயினின் பெரும்பகுதியில் ‘அசேர்’ என்பதில் வரும் ‘ச’ நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஒலி. முதலில் நிற்கும் ‘எச்’ எழுத்துக்குப் பொது உச்சரிப்பில் சத்தம் கிடையாது.

அறிகுறி 1: வாயால் சொன்னால் சரி, எழுதினால் திருத்தம் விழுகிறது

சுலபமான காரணத்திலிருந்து ஆரம்பிப்போம்.

‘எச்’ விட்டுப்போயிருக்கிறதா? காதில் விழாத எழுத்து கையிலும் விழாது. ‘அசேர்’ குடும்பத்தில் எல்லா வடிவத்துக்கும், விதிவிலக்கே இல்லாமல், முதல் எழுத்து ‘எச்’. இதை ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பார்த்தாலே பாதிச் சிவப்புக் கோடு போய்விடும்.

‘ஈசோ’, அதாவது ‘அவன் செய்தான்’, இதில் ‘சி’ போட்டிருக்கிறீர்களா? ‘இசட்’ போடுங்கள். ‘சி’ போட்டால் அது ‘ஈக்கோ’ என்றாகிவிடும். மற்ற இறந்தகால வடிவங்கள் ‘ஈசே’, ‘இசீஸ்தே’, ‘இசீமோஸ்’, ‘இசியேரோன்’ எல்லாவற்றிலும் ‘சி’தான், இந்த ஒன்றில் மட்டும் ‘இசட்’. ‘ஈசே’, ‘ஈசோ’ இரண்டின் கடைசி எழுத்திலும் மேல்கோடு கிடையாது. ‘ஆப்லார்’ (பேசு) மாதிரியான ஒழுங்கு வினைகளில் அங்கே கோடு போட்டுப் பழகிய கை இங்கேயும் போட்டுவிடும்.

ஒழுங்கு வினை மாதிரி நீங்களே அச்சு வார்த்துவிட்டீர்களா? ‘அசேரே’, ‘அசீதோ’ என்று எழுதியிருந்தால் அதுதான் கோளாறு. எதிர்காலம் ‘அரே’, ‘அராஸ்’, ‘அரா’ என்று நடுவில் ஓர் அசை இல்லாமல் வரும். ‘செய்த’ என்பதற்கு ‘ஏச்சோ’. நிகழ்காலத்தில் ‘நான்’ மட்டும் ‘ஆகோ’, மிச்சமெல்லாம் சாதுவாக ‘ஆசெஸ்’, ‘ஆசே’, ‘அசேமோஸ்’ என்று போகும்.

‘இசீஸ்தே’யின் வாலில் ஓர் ‘எஸ்’ ஒட்டிக்கொண்டிருக்கிறதா? இதை நீங்கள் ஸ்பானிஷ்காரர்களிடமிருந்தே பிடித்திருக்கலாம், ‘இசீஸ்தேஸ்’ என்று பேச்சில் நிறையப் பேர் சொல்வார்கள். பேச்சில் சிலர் கண்டுகொள்ளாமல் விடலாம், எழுத்தில் தப்பு.

இதுவரைக்கும் சொன்னதில் பெரும்பாலானதைப் பிழைதிருத்தியே பிடித்துக் கொடுத்துவிடும். இனி வரும் இரண்டையும் அது கோட்டைவிடும், ஏனென்றால் தப்பாக எழுதினாலும் அது அகராதியில் இருக்கிற வேறொரு சொல்.

முதல் ஜோடி ‘ஏச்சோ’. ‘எச்’ இருந்தால் ‘செய்த’, இல்லாவிட்டால் ‘எச்சார்’ என்ற வினையின் ‘நான் போடுகிறேன், எறிகிறேன்’. ‘உன் நினைப்பாகவே இருக்கு’ என்பதற்கு ஸ்பெயினில் சொல்லும் ‘தே ஏச்சோ தே மேனோஸ்’, எச்சாரைச் சேர்ந்தது, ‘எச்’ கூடாது. ஏக்கத்தோடு எழுதிய குறுஞ்செய்தியில் ‘எச்’ போட்டு அனுப்பினால் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும்.

இரண்டாவது ஜோடி ‘ஆஸ்’. ‘இசட்’டில் முடிந்தால் ‘செய்!’ என்ற ஏவல். ‘எஸ்’ஸில் முடிந்தால் அது ‘அபேர்’ என்ற துணைவினை. பின்னாலேயே ‘ஏச்சோ’, ‘கொமீதோ’, ‘பீஸ்தோ’ என்று முடிந்த வினையின் வடிவம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ‘எஸ்’. ‘ஆஸ் ஏச்சோ லா தாரேயா’, வீட்டுப்பாடம் முடிச்சிட்டே. ‘ஆஸ் லா தாரேயா’, வீட்டுப்பாடத்தைப் பண்ணு. ‘பண்ணாதே’ என்பதற்கு ‘நோ ஆஸ்’ கிடையாது, ‘நோ ஆகாஸ்’.

அறிகுறி 2: வெயிலைப் பற்றிப் பேசினால் எதிரில் இருப்பவர் சிரிக்கிறார்

வாக்கியம் அமைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: சூடு எங்கே இருக்கிறது?

ஊரில், வானத்தில் இருந்தால்: ‘ஆசே கலோர்’. ஆள் கிடையாது, எழுவாய் கிடையாது, எப்போதும் ஒருமை. ‘எஸ் கலோர்’ என்று எழுதியிருந்தால் ஆங்கிலத்திலிருந்து இறங்கிய சரக்கு அது, தூக்கிவிடுங்கள்.

உங்கள் உடம்பில் இருந்தால்: ‘தெங்கோ கலோர்’. எனக்குப் புழுக்கமா இருக்கு, வேர்க்குது என்கிற அர்த்தம்.

தொட்டால் சுடும் பொருளில் இருந்தால்: ‘எஸ்தா கலியெந்தே’. சூப், காபி, இஸ்திரிப்பெட்டி, இதெல்லாம்.

சிரிப்பு வருவது மூன்றாவதைத் தன்மேல் ஏற்றிச் சொல்லும்போதுதான். ‘எஸ்தோய் கலியெந்தே’ என்றால் காமம் தலைக்கேறியிருக்கிறது என்று பொருள். அலுவலகத்தில் ஏசி ஓடவில்லை என்று புகார் சொல்ல நினைத்து இதைச் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றும் சரியாக இருந்தும் திருத்தம் விழுந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ‘முய் கலோர்’ என்று போட்டிருக்கிறீர்களா? ‘கலோர்’ (சூடு) பெயர்ச்சொல், ‘ரொம்ப’ என்பதற்கு அதோடு ‘மூச்சோ’தான் ஒட்டும்: ‘ஆசே மூச்சோ கலோர்’. இல்லாவிட்டால், டிகிரி பன்மையாக இருக்கிறதே என்று ‘ஆசென் குவரெந்தா க்ராதோஸ்’ என்று வினையையும் பன்மையாக்கியிருப்பீர்கள். நாற்பது டிகிரி ஆனாலும் ‘ஆசே’தான். பன்மை ஆசை தீரவில்லையென்றால் ‘எஸ்தாமோஸ் அ குவரெந்தா க்ராதோஸ்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள், அது வேறு கட்டமைப்பு.

குளிர், காற்று, வெயில் மூன்றுக்கும் ‘ஆசே’ போகும். மழைக்குப் போகாது, அதற்கு ‘யுவேபே’ என்று தனி வினை இருக்கிறது. மூடுபனிக்கு ‘ஐ நியேப்லா’.

அறிகுறி 3: “எவ்வளவு காலமா இங்கே இருக்கே?” என்ற கேள்விக்குப் பதில் சொன்னால், “எப்போ திரும்பிப் போனே?” என்று கேட்கிறார்கள்

எனக்குத் தெரிந்து இந்த வினையில் மிகுந்த குழப்பத்தை உண்டாக்கும் கோளாறு இதுதான். இலக்கணத் திருத்தம் விழாது, சொன்னது முழுசாகச் சரியான வாக்கியமாகவே இருக்கும், ஆனால் நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறான செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். நேர்முகத் தேர்வில் ‘பிபீ என் மாட்ரிட் ஆசே தோஸ் ஆன்யோஸ்’ என்று சொன்னால், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மாட்ரிட்டில் இருந்தேன், இப்போது இல்லை என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்.

காரணம் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழில் யோசித்து, அதை ஆங்கிலத்தில் மாற்றி, அங்கிருந்து ஸ்பானிஷுக்குத் தாவும்போது நடுவில் உள்ள ஆங்கிலக் காலம் எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறது. நடுவில் இருப்பதைத் தூக்கிவிட்டுத் தமிழிலிருந்து நேராகப் போங்கள், வேலை சுலபமாகிவிடும்.

நீங்கள் தமிழில் சொல்வது ‘ரெண்டு வருஷமா இருக்கேன்’ என்றால்: வினை நிகழ்காலம், ஸ்பானிஷிலும் நிகழ்காலம். ‘ஆசே தோஸ் ஆன்யோஸ் கே பீபோ என் மாட்ரிட்’. திருப்பிப் போட்டால் ‘பீபோ என் மாட்ரிட் தெஸ்தே ஆசே தோஸ் ஆன்யோஸ்’. பேச்சில் இதைவிட அதிகம் கேட்பது ‘யேபோ தோஸ் ஆன்யோஸ் பிபியெந்தோ என் மாட்ரிட்’, அதில் ‘அசேர்’ இல்லவே இல்லை. ‘அசேர்’ உதைக்கிறது என்றால் தைரியமாக இதற்குத் தாவிவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் தமிழில் சொல்வது ‘ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்தேன்’ என்றால்: வினை இறந்தகாலம், ஸ்பானிஷிலும் அப்படியே. ‘யெகே ஆசே தோஸ் ஆன்யோஸ்’.

ஆக, ‘வருஷமா’ என்ற ‘ஆ’ வந்தால் ஒரு பாதை, ‘முன்னாடி’ வந்தால் இன்னொரு பாதை. ‘ரெண்டு வருஷமா சிகரெட் பிடிக்கிறதில்லை’ என்ற எதிர்மறையும் முதல் பாதையிலேயே போகும்: ‘ஆசே தோஸ் ஆன்யோஸ் கே நோ ஃபூமோ’.

இதற்குப் பிறகும் உறுத்தினால் கீழே இருப்பவற்றைப் பாருங்கள்.

‘தெஸ்தே தோஸ் ஆன்யோஸ்’ என்று ‘ஆசே’யை விழுங்கிவிட்டீர்களா? ‘தெஸ்தே’ தனியாக வந்தால் ஒரு தேதியோ நிகழ்ச்சியோ பின்னால் வர வேண்டும்: ‘தெஸ்தே 2022’, 2022-லிருந்து. கால அளவு வந்தால் ‘தெஸ்தே ஆசே’.

‘ஆசென் தோஸ் ஆன்யோஸ்’ என்று பன்மையாக்கிவிட்டீர்களா? வெயிலுக்குச் சொன்ன அதே விதிதான். அமெரிக்கக் கண்டத்துப் பேச்சில் இது காதில் விழும், அதை நம்பித் தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும்.

கதை முழுக்க இறந்தகாலத்தில் ஓடுகிறதா? ‘அவரைப் பார்த்தபோது அவர் ரெண்டு வருஷமா அங்கே குடியிருந்தார்’ என்ற மாதிரி. அப்போது இரண்டு வினையும் ஒரு படி பின்னால் போகும்: ‘அசீயா தோஸ் ஆன்யோஸ் கே பிபீயா அயீ’. ஒன்றை மட்டும் தள்ளிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கமான தப்பு.

‘ரெண்டு வருஷத்தில் போவேன்’ என்று எதிர்காலம் சொல்ல ‘ஆசே’யைத் தொடவே தொடாதீர்கள், ‘தெந்த்ரோ தே தோஸ் ஆன்யோஸ்’.

அறிகுறி 4: வாக்கியம் புரிகிறது, ஆனால் “நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம்” என்கிறார்கள்

இதற்குப் பெயர் ‘பண்ணு’ நோய். தமிழில் எந்தப் பெயர்ச்சொல்லையும் பிடித்து ‘பண்ணு’ ஒட்டிவிடலாம்: போன் பண்ணு, ட்ரை பண்ணு, டிசைட் பண்ணு, யோசனை பண்ணு. ‘அசேர்’ அவ்வளவு தாராளம் இல்லை, சில பெயர்களோடு மட்டும்தான் குடித்தனம் நடத்தும். இது சுலபமாகக் குணமாகாது, ஒவ்வொரு பெயரும் எந்த வினையோடு போகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

முதலில் பாருங்கள்: தனி வினையே இருக்கிறதா? ‘போன் பண்ணினேன்’ என்பதற்கு ‘யமே’ போதும். ‘ட்ரை பண்ணினேன்’ என்பதற்கு ‘இந்தெந்தே’. ‘ஈசே ஊனா யமாதா’ என்பதும் தப்பில்லை, ஆனால் ‘ஒரு தொலைபேசி அழைப்பை மேற்கொண்டேன்’ என்ற தொனி வரும்.

தனி வினை இல்லையா, அல்லது பெயரையே போட்டுச் சொல்ல வேண்டுமா? அப்போது அந்தப் பெயர் வேறு வினையோடு போகிறதா என்று பாருங்கள். முடிவுக்கு ‘தொமார் ஊனா தெசிசியோன்’, தமிழிலும் முடிவை எடுக்கத்தானே செய்கிறோம். நடைக்கு ‘தார் உன் பாசேயோ’. கவனத்துக்கு ‘ப்ரெஸ்தார் அதென்சியோன்’. தப்புக்கு ‘கொமெதேர் உன் எர்ரோர்’. பசி, தூக்கம், பயம் எல்லாவற்றுக்கும் ‘தெனேர்’.

இனி நேர் எதிரான பழுது, ‘அசேர்’ போட வேண்டிய இடத்தில் போடாமல் விடுவது. ‘கேள்வி கேட்கிறேன்’ என்பதற்கு ‘ப்ரெகுந்தார் ஊனா ப்ரெகூந்தா’ என்றும், அதைவிட மோசமாக, கடையில் பொருள் கேட்கும் ‘பெதீர்’ வினையைப் போட்டும் எழுதி வருவார்கள். கேள்வி ‘செய்யப்படும்’ சாமான்: ‘அசேர் ஊனா ப்ரெகூந்தா’. அதே போல ‘அசேர் உன் பியாஹே’ என்றால் பயணம் போவது, ‘அசேர் தெபோர்தே’ என்றால் விளையாட்டு, உடற்பயிற்சி, ‘அசேர் அமீகோஸ்’ என்றால் சிநேகம் பிடிப்பது.

‘அசேர் காசோ’வைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘நோ மே ஆசே காசோ’ என்று ஓர் அம்மா பிள்ளையைப் பற்றிச் சொன்னால், ‘சொல்பேச்சு கேட்க மாட்டேங்கிறான்’ என்று அர்த்தம். இதில் உள்ள ‘காசோ’வை அகராதியில் தேடி ‘வழக்கு’ என்று பார்த்துவிட்டு, பையன் மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள் போல என்று நினைக்க வேண்டாம்.

ஊருக்கு ஊர் மாறுவதையும் இங்கேயே பார்த்துவிடுவோம். வரிசையில் நிற்பது ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் ‘அசேர் கோலா’, மெக்சிகோவில் ‘அசேர் ஃபீலா’. தேர்வு எழுதுவது ஸ்பெயினில் ‘அசேர் உன் எக்ஸாமென்’, மெக்சிகோவில் ‘ப்ரெசெந்தார்’, அர்ஜென்டினாவில் ‘ரெந்தீர்’. யாரோடு அதிகம் பேசப்போகிறீர்களோ அந்த ஊரின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றையும் சேர்த்து மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு.

அறிகுறி 5: ‘எனக்கு வேணும்’ என்று சொல்ல வந்தால் ‘நான் இல்லாமல் பணம் தவிக்கிறது’ என்பது போல ஆகிவிடுகிறது

‘ஆகோ ஃபால்தா தினேரோ’ என்று எழுதியிருப்பீர்கள். ‘மே ஆசே ஃபால்தா தினேரோ’ என்று மாற்றுங்கள். ‘எனக்குப் பணம் தேவைப்படுது’ என்ற தமிழ் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இங்கே இருக்கிறது. ‘எனக்கு’ என்பது ‘மே’, பணம்தான் எழுவாய், வினை பணத்தைப் பார்த்துத்தான் மாறும். தமிழ் தெரிந்தவர் இதில் தடுமாறவே கூடாது, ஆனாலும் தடுமாறுகிறோம்.

பன்மை விஷயத்தில் மட்டும் உஷார். வெயிலுக்கும் காலத்துக்கும் பன்மையே கூடாது என்றேன், இங்கே அது கட்டாயம்: ‘மே ஆசென் ஃபால்தா தோஸ் சீயாஸ்’, எனக்கு ரெண்டு நாற்காலி வேணும். காரணம், இங்கே எழுவாய் இருக்கிறது. ‘நோ ஆசே ஃபால்தா’ என்றால் ‘அதெல்லாம் வேண்டாம், அவசியமில்லை’.

லத்தீன் அமெரிக்காவில் ஒருவர் உங்களிடம் ‘மே ஆசெஸ் ஃபால்தா’ என்றால் வேலைக்கு ஆள் தேவை என்று நினைத்துவிடாதீர்கள், நீ இல்லாமல் வெறிச்சோடிக் கிடக்கு என்கிறார்.

அறிகுறி 6: ‘ஆனேன்’, ‘ஆயிட்டான்’ என்று எழுதினால் எல்லாமே கோணல்

தமிழ் ‘ஆகு’ ஒற்றை ஆள், ஸ்பானிஷில் அந்த வேலையைப் பலர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பாடுபட்டோ விரும்பியோ ஆனதா? தொழில், மதம், கொள்கை, பணம். ‘அசேர்சே’: ‘மே ஈசே மேதிக்கோ’, டாக்டர் ஆனேன். ‘சே ஈசோ ரீக்கோ’, பணக்காரன் ஆனான்.

கொஞ்ச நேரத்து மனநிலை, முகநிறமா? ‘போனேர்சே’. படபடப்புக்கு ‘மே ஆகோ நெர்பியோசோ’ தப்பு, ‘மே போங்கோ நெர்பியோசோ’.

குணமே தலைகீழாக மாறிவிட்டதா? ‘போல்பேர்சே’, பைத்தியம் பிடிப்பது இதில்தான் வரும். ஏதோ நடந்து அதன் விளைவாக மிஞ்சிய நிலையா? ‘கெதார்சே’, கண் போவது, துணையை இழப்பது, வேலை போவது.

‘நேரமாயிடுச்சு’ என்பது மட்டும் ‘சே ஈசோ தார்தே’, யாரும் பாடுபட்டு நேரமாக்கவில்லை, இருந்தாலும் அப்படித்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் அர்த்தம் கோணினால் நடுவில் ‘எல்’ என்ற சுட்டு நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘சே ஈசோ ரீக்கோ’ பணக்காரன் ஆனவன். ‘சே ஈசோ எல் ரீக்கோ’ பணக்காரன் மாதிரி பந்தா காட்டியவன். ‘சே ஆசே எல் தொர்மீதோ’ என்றால் தூங்குவது போலப் பாசாங்கு செய்கிறான், ‘சே ஆசே எல் சோர்தோ’ என்றால் காது கேட்காத மாதிரி இருக்கிறான்.

அறிகுறி 7: ‘காக்க வச்சான்’, ‘சிரிக்க வச்சான்’ எழுத வரவில்லை

வரும். ‘வை’ போடும் இடத்தில் ‘அசேர்’, பக்கத்திலேயே மூலவினை. ‘மே ஈசோ எஸ்பெரார்’, ‘மே ஈசோ ரெயீர்’. நடுவில் ‘அ’, ‘தே’ எதையும் செருகாதீர்கள். ‘கே’ போட்டு நீட்டினால் அடுத்த வினை வேறு அச்சுக்குப் போய்விடும், ‘ஈசோ கே எஸ்பெராராமோஸ்’. தேவையில்லாவிட்டால் நீட்டாதீர்கள்.

சலூனில் முடி வெட்டியதைச் சொல்ல இந்தக் கட்டமைப்பு வேண்டாம். ‘மே கோர்த்தே எல் பேலோ’ போதும், ‘முடி வெட்டிக்கிட்டேன்’ என்று நாம் சொல்வதுபோலவே, கத்தரி பிடித்தவர் யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அறிகுறி 8: அர்ஜென்டினாக்காரர் ‘கே அசேஸ்?’ என்றார், பதில் சொல்ல ஆரம்பித்தேன், அவர் போய்விட்டார்

உங்களிடம் பழுது இல்லை. ‘என்ன பண்றே?’ என்று சொல்லுக்குச் சொல் பொருள் வந்தாலும் அங்கே அது நண்பர்களுக்குள் வணக்கம் மாதிரி, ‘என்னப்பா, எப்படி இருக்கே’ என்கிற அளவுக்குத்தான். திருப்பி ‘கே அசேஸ்’ என்று சொன்னால் கணக்கு நேர். அழுத்தம் கடைசியில் விழுவதற்குக் காரணம் அங்கே ‘நீ’ என்பதற்கு ‘தூ’ இல்லை, ‘போஸ்’. ஏவலும் ‘ஆஸ்’ இல்லை, ‘அசே’. இறந்தகாலமும் எதிர்காலமும் மாறாது என்பதால் தனி அட்டவணை தேட வேண்டாம்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

ஒரு சொல் சரியா தப்பா என்ற சந்தேகத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். 1713-இல் தொடங்கிய ஸ்பெயினின் ராயல் அகாடமி தன் அகராதியையும் ஐயம் தீர்க்கும் அகராதியையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ‘அசேர்’ என்று தட்டினால் ‘ஆசென் ஆன்யோஸ்’ சமாசாரம் வரைக்கும் அங்கேயே தீர்ந்துவிடும். மெக்சிகோ நண்பரும் ஸ்பெயின் நண்பரும் ஆளுக்கொன்று சொல்லும்போது, ஒருவர் சரி மற்றவர் தப்பு என்று முடிவுகட்டும் முன் அங்கே போய்ப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டுமே சரியாக இருக்கும்.

நான்காவது, ஆறாவது அறிகுறிகள் விடாமல் திரும்பி வந்தால் அகராதி உதவாது, நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தை அந்த மொழியிலேயே வளர்ந்த ஒருவர் படித்து அடையாளம் போட்டுத் தர வேண்டும். மொழிப் பரிமாற்றத்துக்கு ஆள் கிடைத்தால் அதுவும் இலவசம்தான், ஆனால் ‘தப்பா, அல்லது கேட்க விசித்திரமா?’ என்று தெளிவாகக் கேளுங்கள். வெறும் ‘ஓகேவா’ என்றால் மரியாதைக்கு எல்லாமே ஓகே என்று சொல்லிவிடுவார்கள்.

கட்டணம் கொடுத்து ஆசிரியரை வைக்க வேண்டிய இடங்களில் ஒன்று, செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் டெலே என்ற ஸ்பானிஷ் திறன் தேர்வில் பி2 (மேல்நடுத்தர) நிலைக்குப் போகிறவர்கள், ‘செய்தால்’, ‘செய்திருந்தால்’ என்று சொல்ல உதவும் ‘இசியேரா’, ‘உபியேரா ஏச்சோ’ போன்ற வடிவங்கள் எழுத்தில் வந்து பேச்சில் மாயமாகின்றன என்றால். அட்டவணையை இன்னொரு தடவை படிப்பதால் அது சரியாகாது, பேச்சைப் பதிவுசெய்து கேட்டு, நிற்கிற இடத்தில் நிறுத்தித் திருத்த ஒருவர் தேவை. இன்னொன்று விசா விண்ணப்பக் கடிதம், வேலை ஒப்பந்தம் போன்ற தாள்கள். ‘ஆசே தோஸ் ஆன்யோஸ்’ ஒன்று இடம் மாறினால் நீங்கள் அந்த நாட்டில் இருக்கிறீர்களா, இருந்துவிட்டுப் போய்விட்டீர்களா என்பதே மாறிவிடும், அதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் மொழிபெயர்ப்பாளரிடம் காட்டிவிடுங்கள்.